பேராதனைக்கு ஏற்றிய சரக்கு

எங்கள் அப்பா சரக்குத் தோணியில் தண்டையல். தண்டையல் சொன்னால்தான் தோணியில் பாய் விரியும். வல்வெட்டித்துறையில் எங்கள் வீட்டிலும் அதே சட்டம்தான். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் எனக்கு இடம் கிடைத்ததும், கொண்டுபோக வேண்டிய சாமான்களைத் தானே பார்த்து வாங்குவதாக அறிவித்தார். “சாமான் நிறையாமல் என்ரை தோணி ஒருநாளும் கரையை விட்டதில்லை,” என்றார். ஞாயிற்றுக்கிழமை ரயில்; அப்பாவுக்கு அது கோச்சி. அதற்குள் அவர் வாயிலிருந்து ‘நிறைஞ்சிட்டுது’ என்ற சொல் வராவிட்டால் என் படிப்பு வாசற்படியோடு சரி.

ஒரு போர்வை, ஒரு குடை, குளிருக்கு ஒரு கம்பளிச் சட்டை, இவ்வளவும் போதும் என்று எனக்கு முந்திப் போன அச்சுவேலித் தோழி சொல்லியிருந்தாள். அப்பா முதலில் வாங்கி வந்தது ஒரு கட்டுக் கயிறு.

“கயிறு என்னத்துக்கு அப்பா?”

“கயிறில்லாமல் ஒருத்தரும் ஓரிடமும் போறேல்லை, பிள்ளை.”

இதற்குப் பதில் சொல்லும் அறிவைப் பல்கலைக்கழகம்தான் எனக்குத் தரவேண்டியிருந்தது. அடுத்து, பாய் தைக்கிற ஊசி வந்தது. பிறகு அரிக்கன் லாம்பு. அங்கே கரண்ட் இருக்கிறது என்றேன். “காத்தடிச்சால்?” என்று கேட்டார். தண்ணீர்ப் பீப்பா வந்தபோது, அங்கே ஆறே ஓடுகிறது என்று சொல்லிப் பார்த்தேன். ஓடுகிற தண்ணீரை நம்பக்கூடாதாம். கடைசியாக அரைச் சாக்குக் கருவாடு. அதோடு பெண்கள் விடுதியில் போய் இறங்கினால், புதியவர்களைப் பகிடிவதை செய்யக் காத்திருக்கும் மூத்த மாணவிகளுக்கு வேலை மிச்சம். கம்பளிச் சட்டையை மட்டும் அவர் வாங்கவேயில்லை. குளிர்ந்தால் சாக்கைப் போர்த்தலாம் என்பது அவர் கட்சி.

சனிக்கிழமை பின்னேரம் எல்லாவற்றையும் சுற்றிச்சுற்றிப் பார்த்தார். “இன்னும் நிறையேல்லை. அடுத்த கிழமை போகலாம்,” என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பீப்பாவின் மேல் குந்தியிருந்து அழுதேன்.

அதுவரை வாய் திறக்காத அம்மா அடுப்படியிலிருந்து வந்தார். அப்பாவின் ஒவ்வொரு பயணத்துக்கும் பெட்டி கட்டிக் கொடுத்தவர் அவர். என் பெட்டியிலிருந்த கயிறு, ஊசி, லாம்பு எல்லாவற்றையும் வெளியே எடுத்து வைத்தார். போர்வையையும் குடையையும், எப்போதோ யாழ்ப்பாணத்தில் சொல்லி வாங்குவித்து ஒளித்து வைத்திருந்த கம்பளிச் சட்டையையும் உள்ளே அடுக்கினார்.

“நிறைஞ்சிட்டுது,” என்றார்.

அப்பா திகைத்துப்போனார். அதட்டுவார் என்று பயந்தேன். அவர் சுவரோடு சாய்ந்து நின்று, எனக்குக் கேட்காது என்று நினைத்துக்கொண்டு அம்மாவிடம் மெல்லக் கேட்டார்.

“இஞ்சரும், போன ஆக்களிட்டை இருந்து சேதி வருமட்டும் வீட்டிலை இருக்கிற ஆக்கள் என்ன செய்யிறவை?”

அம்மா பெட்டியைப் பூட்டிக்கொண்டே சொன்னார். “சமைக்கிறது. சாப்பிட மனம் வராது. எண்டாலும் சமைக்கிறது.”

கலியாணம் கட்டி இத்தனை வருடத்தில் அப்பா அதைக் கேட்டதே இல்லை. பிறகு என் பக்கம் திரும்பாமலே, “நாளைக்குக் கோச்சி எத்தினை மணிக்கு, பிள்ளை?” என்றார்.