சொல்லாமல் கொண்டுபோன செய்தி

கனடாவில் பாலைவனம் இருக்கிறது என்று எங்களுக்கு முதலில் சொன்னவன் குசினிக்காரன். நாங்கள் நம்பவில்லை. தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. ஸ்காபரோவில், டோர்செட் பார்க் பகுதியில் ஒரு அப்பார்ட்மென்டில் மூன்று பேர் ஒன்றாக இருந்தோம். நான் பிளாஸ்டிக் தொழிற்சாலையில் வேலை. எங்களில் மூத்தவர் டாக்சி ஓட்டினார்; சொந்தமாக ஒரு பழைய வானும் வைத்திருந்ததால் அவரை வான் அண்ணை என்போம். மூன்றாமவன் ஓர் இத்தாலியச் சாப்பாட்டுக்கடையின் குசினியில் சமையல் வேலைக்கு நின்றான்; அவன்தான் குசினிக்காரன். அந்தக் குசினிச் சுவரில் தொங்கிய கலண்டரில் யூலை மாதத்துப் படமாக அந்த இடம் இருந்ததாம். அல்பேர்ட்டாவில் மரமே இல்லாமல் வரிவரியாக மண் தெரிகிற குன்றுகள், இடையில் கள்ளிச்செடிகள். மாதம் முடிந்ததும் தாளைக் கிழித்துக்கொண்டு வந்து எங்கள் பிரிட்ஜில் ஒட்டினான். பனியைப் பார்த்து அலுத்துவிட்டது, ஒருமுறையாவது காய்ந்த இடமாகப் போய்ப் பார்க்கவேண்டும் என்பான்.

அமெரிக்காவில் இதைவிடப் பெரிய பாலைவனங்கள் இருக்கின்றன என்று வான் அண்ணை சொல்லிப் பார்த்தார். ஆனால் குசினிக்காரனின் அகதிக் கேஸ் இன்னும் முடியவில்லை. எல்லையைத் தாண்டினால் திரும்பி வருவது சந்தேகம். ஆலையில்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்று அல்பேர்ட்டாவுக்கே போவதாக முடிவாயிற்று. வேலைக்குச் சேர்ந்த பிறகு அவன் எடுத்த முதல் லீவு அது. முதலாளியிடம் அதை வாங்குவதற்கு அவன் பட்ட பாடு எங்களுக்குத் தெரியும்.

புறப்படுவதற்கு முதல் நாள் பின்னேரம் ரெலிபோன் அடித்தது. லண்டனிலிருந்து அவனுடைய சித்தப்பா. அவன் வேலைக்குப் போய்விட்டான் என்றேன். அவருக்கு அது வசதியாகப் போயிற்று. அவனுடைய அப்பா ஊரில் இறந்துவிட்டார், நெஞ்சுவலி. சண்டையில் பாதை பூட்டிக் கிடந்ததால் செய்தி வெளியே வருவதற்கு இரண்டு கிழமைக்கு மேலாகிவிட்டது. எரித்துச் சாம்பலும் கரைத்தாகிவிட்டது. கொள்ளி வைத்திருக்க வேண்டிய ஒரே மகன் அந்த நேரத்தில் ஸ்காபரோவில் பாஸ்தா அவித்துக்கொண்டிருந்திருப்பான். ஆறுதலாகச் சொல்லுங்கோ தம்பி என்று சித்தப்பா ரெலிபோனை வைத்தார். பெரிய மனிதர், தன் தலைச்சுமையை என் தலைக்கு மாற்றிவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போயிருப்பார்.

வான் அண்ணை வந்ததும் அவரைக் கீழே கார் நிறுத்துமிடத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்ச் சொன்னேன். அவர் வானில் சாய்ந்துகொண்டார்.

"இப்ப சொன்னா அவன் என்ன செய்யப் போறான்? ஊருக்குப் போகவும் ஏலாது. ரெண்டு கிழமை பிந்தின செய்தி இன்னும் ஒரு கிழமை பிந்தினா ஒண்டும் குறையாது. போட்டு வந்து சொல்லுவம்."

எனக்கும் அது சரியாகவே பட்டது. ஒரே ஒரு சிக்கல் இருந்தது. சாவு நடந்த வீட்டில் மாதம் முடிந்து அந்தியேட்டிக் கிரியை செய்யும்வரை மச்சம் தொடமாட்டார்கள். மீனும் இல்லை, இறைச்சியும் இல்லை. எங்கள் குசினிக்காரனோ கோழி இல்லாவிட்டால் சோற்றைப் பார்த்து முகம் சுளிப்பவன். தெரியாமல் அவன் தின்றால் பாவம் எங்கள் இருவருக்கும்தான் என்றார் வான் அண்ணை. சாப்பாடு போடுகிற நாளைத் தவிர மற்ற நாளில் கோயில் பக்கம் போகாத மனிதர் அவர். ஆனாலும் சொன்னது நியாயம்தான்.

அன்றிரவு வேலையால் வந்தவன் பயணத்துக்கென்று முன்பே சொல்லிவைத்தபடி மூன்று கோழியை வெட்டி, தூளும் உப்பும் புளியும் பிரட்டி ஐஸ்பெட்டியை நிரப்பினான். அதிகம் கதைக்கவில்லை. நாங்கள் அவன் கையையும் அந்தப் பெட்டியையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

மறுநாள் சுப்பீரியர் ஏரிக்கரையில் ஓரிடத்தில் தேத்தண்ணிக்கு நிறுத்தினோம். பொருட்களைத் திரும்ப ஏற்றும்போது வான் அண்ணை ஐஸ்பெட்டியை அங்கே கிடந்த வாங்குப்பலகைக்குக் கீழே காலால் தள்ளிவிட்டதை நான் கண்டேன். ஒரு மணித்தியாலம் ஓடிய பிறகு, ஐயோ பெட்டியை விட்டிட்டமே என்று ஸ்டியரிங்கில் அடித்தார். அவரைப்போல் மோசமான நடிகரை நான் பார்த்ததில்லை. குசினிக்காரன் பின்னுக்குத் திரும்பி வெற்றிடத்தைப் பார்த்தான். பரவாயில்லை, திரும்பிப் போக வேண்டாம் என்றான். வெங்காயத்தின் தோலைக் கொஞ்சம் தடிப்பாக உரித்தாலே நாள் முழுக்க முணுமுணுக்கிறவன் மூன்று கோழிக்கு ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதை நான் யோசித்திருக்க வேண்டும். கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்ததென்று சந்தோஷப்பட்டேனே தவிர யோசிக்கவில்லை.

அதன்பிறகு எல்லாம் லேசாக நடந்தது. நிறுத்திய இடமெல்லாம் அவன் டோனட்டும் தேத்தண்ணியும் போதும் என்றான். தங்கிய இடத்தில் சோறும் பருப்பும் காய்ச்சினான். அவனுக்குத் துணையாக நாங்களும் சைவமானோம். அதில் உண்மையாகக் கஷ்டப்பட்டவர் வான் அண்ணை. மனிற்றோபாவில் பெற்றோல் அடிக்கும்போது கழிவறைக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் போய் ஒரு ஹம்பேர்கர் சாப்பிட்டு வந்தார். மீசையில் கெச்சப் இருந்தது. நான் கண்ணைக் காட்டித் துடைக்கச் சொன்னேன்.

சமவெளி இரண்டு நாள் நீண்டது. வான் அண்ணை இடைவிடாமல் கதைத்தார். மௌனம் வந்தால் ஊர்க்கதை வரும், ஊர்க்கதை வந்தால் அப்பாவில் போய் முடியும் என்று அவருக்குப் பயம். கசெட்டில் தாய், தகப்பன் என்று ஏதாவது பாட்டு வந்தால் உடனே முன்னுக்கு ஓட்டுவார். டாக்சியில் ஏறிய குடிகாரர்கள், ரெக்ஸ்டேலில் வாடகை தராமல் ஓடியவன், அஜக்ஸில் வீடு வாங்கி அலைகிறவர்கள் என்று அவரிடம் கதைகள் வற்றவேயில்லை. குசினிக்காரன் கண்ணாடியில் நெற்றியை வைத்து வெளியே பார்த்துக்கொண்டு வந்தான். கோதுமை வயலில் பார்க்க ஒன்றுமில்லை. இருந்தும் பார்த்தான்.

அந்தக் குன்றுகள் இருக்கிற பூங்காவுக்கு நாலாம் நாள் போய்ச் சேர்ந்தோம். தட்டையான புல்வெளி சட்டென்று அறுந்து கீழே விழுகிறது. அந்தப் பள்ளம் முழுக்கக் கலண்டரில் இருந்த குன்றுகள். வெடித்த குதிகால் மாதிரி மண். வெயில் ஊர் வெயிலைவிடக் காய்ந்த வெயில், வியர்க்கக்கூட விடவில்லை. ஆற்றோரத்தில் மட்டும் கொஞ்ச மரங்கள் நின்றன, அதற்குக் கீழேதான் கூடாரம் அடிக்கவேண்டும். இரவல் கூடாரம், கம்பி எது துளை எது என்று தெரியாமல் நாங்கள் முழித்ததைப் பார்த்துப் பக்கத்தில் தங்கியிருந்த ஒரு வயதான வெள்ளைக்காரத் தம்பதி வந்து அடித்துத் தந்தார்கள். அடுத்த நாள் காலை மூவரும் குன்றுகளுக்குள் நடந்தோம். குசினிக்காரன் முன்னால் போனான். படத்தில் இருந்ததைப்போலவே இருக்கிறதா என்று கேட்டேன். அப்படியேதான் இருக்கிறது என்றான்.

மத்தியானம் திரும்பி வந்தபோது அந்தத் தம்பதி கரி அடுப்பில் சொசேஜ் சுட்டுக்கொண்டிருந்தார்கள். எங்களையும் கூப்பிட்டார்கள். கிழவி மூன்று தட்டு நீட்டி, முதல் தட்டைக் குசினிக்காரன் கையில் கொடுத்துவிட்டாள். "நோ மீட்," என்று நானும் வான் அண்ணையும் ஒரே நேரத்தில் கத்தினோம். அதே நேரத்தில் அவனும் அதையே சொன்னான். கிழவி மூன்று பேரையும் பார்த்தாள். அவன் எங்கள் இருவரையும் பார்த்தான். பிறகு தட்டை மரியாதையாக மேசையில் வைத்துவிட்டு ஆற்றுப்பக்கம் நடந்தான். நாங்கள் பின்னால் போனோம்.

இனி மறைக்க ஏலாது என்று வான் அண்ணை என் காதில் சொன்னார். எங்கள் சனத்திடம் சாவைச் சொல்வதற்கு ஓர் ஒழுங்கு இருக்கிறது. முதலில் ஆளுக்குச் சுகமில்லை என்பார்கள். பிறகு ஆஸ்பத்திரியில் என்பார்கள். பிறகு கொஞ்சம் கடுமை என்பார்கள். அதற்குள் கேட்பவருக்கு விளங்கிவிடும். சொல்பவர் கடைசிச் சொல்லைச் சொல்லாமல் தப்பிவிடுவார். வான் அண்ணையும் அப்படியே படிப்படியாகப் போனார். ஒவ்வொரு படிக்கும் குசினிக்காரன் ஓம் என்றான். மூன்றாவது படியில் வான் அண்ணை நின்றுவிட்டார்.

"எனக்குத் தெரியும் அண்ணை," என்றான் அவன். "வெளிக்கிடுறதுக்கு முதல் நாள் பாரிசில இருந்து அக்கா கடைக்கு ரெலிபோன் எடுத்தவ."

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. அத்தனை நாள் நாடகம், பருப்பு, மூன்று கோழி. பிறகுதான் அவன் தனியாக என்ன சுமந்து வந்திருக்கிறான் என்பது உறைத்தது. கடையில் நல்ல சனமான நேரமாம். பொரிக்கிற அடுப்புக்குப் பக்கத்தில் ரெலிபோன், மேலே புகைபோக்கி இரைச்சல். என்ன, என்ன என்று அக்காவைத் திரும்பத்திரும்பக் கத்தவைத்துத்தான் விளங்கிக்கொண்டானாம். பிறகு போய் வேலையைச் செய்தானாம். வீட்டில் சொன்னால் பயணம் நின்றுவிடும். கட்டடம் முழுக்க வந்து செற்றியில் குந்தியிருந்து துக்கம் விசாரிக்கும். கோழி பிரட்டியது நாங்கள் இருவரும் சாப்பிடுவதற்காம்; தனக்கு வயிறு சரியில்லை என்று சொல்வதாக இருந்தானாம்.

"வாற சனம் அப்பாவைப் பற்றிக் கேக்கும். நான் பதினேழு வயசில வெளிக்கிட்டனான் மச்சான். அவற்ற குரல் எப்பிடியெண்டு வழி முழுக்க யோசிச்சுக்கொண்டு வாறன். வருதில்லை."

பாவமாக இருந்தது, அதைவிட வெட்கமாக இருந்தது. அவன் வான் அண்ணை பக்கம் திரும்பினான்.

"நீங்கள் முழுக்கச் சொல்லுங்கோ அண்ணை. ஒருத்தரும் எனக்கு முகம் பாத்துச் சொல்லேல்லை."

ஸ்காபரோவிலிருந்து அல்பேர்ட்டா வரைக்கும் வாய் மூடாத மனிதர் வாயைத் திறந்தார், ஒன்றும் வரவில்லை. ஆற்றைப் பார்த்து நின்றுகொண்டார். ஆகவே அது என்னிடம் வந்தது. நான் காலமானார் என்று சொல்லவில்லை, மோசம் போனார் என்றும் சொல்லவில்லை.

"மச்சான், உன்ர அப்பா செத்துப்போனார்."

அவன் புதிதாகக் கேட்பவன்போலக் கேட்டான். எப்போது என்றான். போன மாதக் கடைசியில் என்றேன். என்ன வருத்தம் என்றான். நெஞ்சுவலி என்றேன். இவையெல்லாம் அவனுக்குத் தெரிந்தவைதான். நான் ஒவ்வொன்றாகச் சொன்னேன்.

"கடைசியா என்னைக் கேட்டவராமோ?"

அதை லண்டன் சித்தப்பா எனக்குச் சொல்லவில்லை, அக்கா அவனுக்கும் சொல்லவில்லை. தெரியாது என்றேன். அப்போதுதான் அவன் அழத் தொடங்கினான்.