வஞ்சிரமும் சிவப்பு ஒயினும்

இசக்கிபாண்டி சாத்தான்குளம் பக்கத்துக்காரன். ஒரகடத்தில் நான் அடுப்பு பார்த்த ஹோட்டலுக்குப் பரிமாற வந்து கேப்டன் ஆனவன். கேப்டனுக்குக் கறுப்புக் கோட்டு உண்டு. அந்தக் கோட்டோடு எடுத்த போட்டோவைக் காட்டித்தான் பெண் கேட்டுக் கட்டினான்.

அந்தக் கோட்டைக் கழற்ற வைத்தவன் மேனேஜர் ஹேமந்த். கார் கம்பெனியின் வெளிநாட்டு இன்ஜினீயர்கள் எங்களிடம்தான் தங்குவார்கள். அவர்களுக்காக கேபர்னே என்ற சிவப்பு ஒயின் முதல் தடவையாக வந்து இறங்கியது. எங்களுக்குத் தெரிந்த பாட்டில் பீர்தான். பீர் என்றால் பல் கூச வேண்டும். இதையும் பீர் வைக்கிற ஐஸ் பெட்டியில் போடச் சொன்னான் ஹேமந்த். இசக்கி போட்டான். ஜில்லென்று ஊற்றியதும் அது கடுக்காய்த் தண்ணீர் போலத் துவர்த்தது. இன்ஜினீயர்கள் ஒரு வாயோடு வைத்துவிட்டார்கள்.

"இன்னா சார் பண்றது, பதநீர் குடிச்சி வளந்த பசங்க. ஒயின் இன்னான்னு இவனுங்களுக்கு எங்க தெரியும்?" என்று அவர்கள் முன்னாலேயே முதலாளியிடம் சொன்னான் ஹேமந்த். முதலாளி சிரித்தார். மறுநாள் கோட்டு வேறொருவனுக்குப் போனது. இசக்கி எச்சில் தட்டு எடுத்தான்.

நானாயிருந்தால் கரண்டியாலேயே போட்டிருப்பேன். அவன் அடிக்கவில்லை.

"அதே ஆளுங்க முன்னால அவன் மூஞ்சி சுருங்கணும் அண்ணாச்சி. அதுவரைக்கும் இந்த ஊர விட்டுப் போவ மாட்டேன்."

அதிலிருந்து அந்த ஒயினை விடவில்லை. பாட்டிலில் மீந்ததை, மத்தியானம் அடுப்பு ஓய்ந்ததும் என்னிடம் கொண்டுவருவான். ஐஸ் இல்லாமல் குடித்தால் முதலில் நாவல்பழம், அப்புறம் ஈறை இறுக்கும் துவர்ப்பு. என் மட்டன் சுக்காவில் கொழுப்புத் துண்டாகப் பார்த்து மென்றுவிட்டு ஒரு மடக்கு விட்டால், துவர்ப்பு போன இடம் தெரியாது. ஈரலுக்கும் ஒத்துப்போனது. பருப்புக்கு ஒத்துப்போகவில்லை.

ஒருநாள் வஞ்சிரம் வறுவல் தின்று குடித்தோம். துருப்பிடித்த ஆணியைச் சப்பினது போல இருந்தது. மிளகாய் ரெண்டு மடங்கு எரிந்தது.

"த்தூ! இன்னாடா இது, காலைல வாங்குன மீனுடா!"

"மீனும் நல்ல மீனு, ஒயினும் நல்ல ஒயினு. சேத்தாத்தான் நாறுது," என்றான் இசக்கி. தட்டெடுக்கும் வேலைக்குப் போன பிறகு அவன் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

காத்திருந்தான். இன்ஜினீயர்கள் வருஷம் முழுக்க எங்களிடமே ரூம் எடுப்பதைப் பற்றிப் பேச ஒரு விருந்து வந்தது. பேச்சு முடிந்தால் ஹேமந்துக்குப் பெரிய பதவி. விலை உசத்தி என்று கேபர்னேயை முடிவு பண்ணிவிட்டான். தொட்டுக்க மட்டனா, மீனா என்று அடுக்களையில் நின்று யோசித்துக்கொண்டிருந்தான். தட்டோடு வந்த இசக்கி பவ்யமாகச் சொன்னான்:

"மட்டனே வைங்க சார். அதுதான் பொருத்தமா இருக்கும்."

"உன்ன எவன்டா கேட்டான்? மாஸ்டர், வஞ்சிரம் போடுங்க. காரம் தூக்கலா!"

இசக்கி தலையைக் கவிழ்த்துக்கொண்டு போனான். சிரிப்பை அடக்கியதில் முதுகு குலுங்கியது. நான் மிளகாயை இன்னொரு பிடி அள்ளிப் போட்டேன்.

விருந்தில் ஒரு கடி, ஒரு மடக்கு. இன்ஜினீயர்களில் ஒருத்தர் வாயைத் துணியால் மூடினார். பெரியவர் தட்டைத் தள்ளி, மீன் கெட்டுப்போச்சு என்றார். முதலாளி என்னைக் கூப்பிட்டுக் கத்தினார்.

"நீங்களே தின்னு பாருங்க மொதலாளி," என்றேன்.

தின்றார். மீன் நன்றாகத்தான் இருந்தது. ஒயினைக் குடித்ததும் முகம் கோணியது.

"இத்த யாரு சேத்து வெச்சது?"

ஹேமந்த் கை இசக்கி பக்கம் நீண்டது. முதலாளி அதைத் தட்டிவிட்டார்.

"காலைலேர்ந்து நான் போட்ட மெனு, நான் போட்ட மெனுன்னு பீத்திக்கினு இருந்தியே? உக்காரு. நீயே துன்னுட்டுக் குடி."

அத்தனை பேர் முன்னாலும் ஹேமந்த் உட்கார்ந்து தின்றான், குடித்தான். கண்ணில் தண்ணீர் வந்தது. இசக்கி பாட்டிலோடு பக்கத்தில் போய்க் குனிந்தான். "இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுமா சார்?" பதிலுக்கு நிற்காமல் விளிம்பு வரை ஊற்றினான்.

ரூம் பேச்சு வேறு ஹோட்டலுக்குப் போனது. ஹேமந்த் வேலை போனது. கூட்டம் குறைந்ததில் இசக்கி வேலையும் போனது. இப்போது பென்னலூரில் ஒரு மெஸ்ஸில் சாம்பார் ஊற்றுகிறான்.

"பொண்டாட்டி திட்டலியாடா?" என்று கேட்டேன்.

"தெனமும் திட்டுதா அவ. திட்டட்டும் அண்ணாச்சி. அவன் அந்தக் கிளாஸக் காலி பண்ணுனானே, பாத்தியள்லா?"

பார்த்தேன். கடைசிச் சொட்டு வரைக்கும் பார்த்தேன்.