மெரில் சொன்ன ஆட்டம்

வெர்மான்டில் எங்கள் ஊர் மன்றத்தில் சனிக்கிழமைதோறும் சதுர ஆட்டம். நான் பிடில் வாசிக்கிறவன். நாலு ஜோடி நாலு பக்கம் நிற்கும்; மேடையில் மெரில் டுபே அடுத்த அடியைச் சொல்லச் சொல்ல ஆடும். ஜோடிகள் கைமாறிக் கைமாறிச் சுற்றினாலும் கடைசியில் அவரவர் துணையிடம் வந்து சேர வேண்டும். சொல்பவரின் சாமர்த்தியமே அதில்தான். மெரில் ஒருநாளும் யாரையும் தப்பான கையில் விட்டதில்லை. அந்தத் திமிரும் அவருக்கு உண்டு.

மார்ச்சில் அவர் மூளையின் இடது முன்பக்கத்தில் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது. சொற்களைக் கோத்து அனுப்புவது அந்த இடம்தானாம். கைகால் வேலைகளை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்குவதும் அந்தப் பக்கம்தானாம். நாங்கள் பேசுவது அவருக்கு நன்றாகவே புரிந்தது. பதில்தான் ஒற்றை ஒற்றைச் சொல்லாக முக்கி முனகி வந்தது. ஷூவை மாட்டிவிட்டு சாக்ஸைத் தேடுவார்.

அக்டோபரில் ஒரு சனிக்கிழமை, "ஆட்டம்... நான்" என்று பிடிவாதம் பிடித்தார். இன்றைக்கு முடியாவிட்டால் மைக்கை வேறொருவரிடம் கொடுத்துவிட வேண்டும் என்று மனைவி அர்லீன் சொல்ல, தலையாட்டினார்.

வாசிக்கத் தொடங்கினேன். பாதியில் மெரிலுக்கு வரிசை குழம்பிவிட்டது. சொன்ன அடியையே திரும்பத் திரும்பச் சொன்னார். ஆடியவர்கள் தாங்களாகவே சரியான அடிபோட்டு, துணையோடு சேர்ந்து, கையும் தட்டினார்கள். எனக்கு நிம்மதியாக இருந்தது.

மெரில் முகம் சிவந்தது. "நான்... சொல்லல!"

"எல்லாரும் சரியாத்தானேப்பா வந்து சேந்தோம்" என்றார் தீவனக்கடை ரெஜி.

"பொய்! மறுபடி. நான்... சொல்றது... மட்டும்."

தன் தம்பியோடு ஜோடி சேர்ந்து ஆடிக்கொண்டிருந்த அர்லீன் எல்லாரையும் முறைத்தாள். "கேட்டுச்சா? அவர் வாய்ல வராம யாராவது காலை அசைச்சீங்க, கொன்னுடுவேன்."

சொன்னபடியே ஆடினார்கள். ஒரே சிக்கல். மெரில் வியர்க்க வியர்க்கச் சிக்கெடுத்து ஒவ்வொரு ஜோடியாகச் சேர்த்தார். கடைசியில் மிஞ்சியது இரண்டு ஜோடி: அர்லீன் ரெஜியின் கையில், ரெஜியின் மனைவி டோரீன் அந்தத் தம்பியின் கையில்.

"எனக்கு ஒண்ணும் அவசரமில்ல, அவரை அவளே வெச்சுக்கட்டும்" என்றாள் டோரீன்.

யாரும் சிரிக்கவில்லை. மெரில் வாயைத் திறந்தார், சொல் வரவில்லை. எந்த அடி வேண்டுமென்று எல்லாருக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். ஒருவர் கூட நகரவில்லை. நான் அதே மெட்டையே சுற்றிச் சுற்றி வாசித்தேன். மணிக்கட்டு கடுத்தது. 'விட்டுடய்யா, போதும்' என்று கத்தலாம்போல இருந்தது.

"ரெஜி... விடு" என்றார் மெரில். மூச்சு வாங்கினார். "டோரீன்... குறுக்கே. அர்லீன்... குறுக்கே."

"இப்படி ஒரு அடி எந்த ஆட்டத்துலய்யா இருக்கு?" என்றார் ரெஜி, கையை விட்டபடியே.

"என்... ஆட்டம்."

டோரீன் ரெஜியிடம் வந்து சேர்ந்தாள். அர்லீன் குறுக்கே நடந்துபோய்த் தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு, ஊர் பார்க்க ஓவென்று அழுதாள். மெரில் அவளைப் பார்த்தார். மைக்கை மட்டும் கீழே வைக்கவில்லை.

"அடுத்தது" என்றார்.