காலுறை தொங்கும் குன்று

நிக்கல் சுரங்க ஊரான சட்பரியில் ஓமெர் ஷார்போனோவுக்கு இரண்டு விஷயங்களில் பெயர். கறுத்துப்போன பாறைக் குன்றுகளில் சுண்ணாம்புத் தூள் தூவும் குழுவுக்கு அவர்தான் தலைவர். ஆகஸ்டில் வாளி நிறைய புளூபெர்ரியோடு வீடு திரும்புகிறவரும் அவர்தான். முதலாவது இரண்டாவதை ஒழித்துக்கொண்டிருந்தது. அது அவருக்கே தெரியும்.

நிக்கல் உருக்கிய புகை எங்கள் மண்ணைப் புளிக்க வைத்திருந்தது. புளித்த மண்ணில் வேறெதுவும் பிழைக்காது. புளூபெர்ரி மட்டும் கொழிக்கும். சுண்ணாம்பு விழுந்தால் மண் தேறும், புல் வரும், பைன் வரும், நிழல் வரும், புளூபெர்ரி போய்விடும். இருபத்திரண்டு வருடங்களாக மூட்டை சுமந்து ஊரார் பறித்த இடங்களையெல்லாம் பச்சையாக்கிய ஓமெர், தன் இடம் எதுவென்று மூச்சு விட்டதில்லை. எங்கள் ஊரில் யாரும் விடமாட்டார்கள். மனைவி யூகெத்திடம்கூடச் சொன்னதில்லை. அவளும் தன் இடத்தை அவரிடம் சொன்னதில்லை. ஒரே சமையலறைக்கு இரண்டு திசையிலிருந்து இரண்டு வாளிகள் வந்தன.

அந்தக் கோடையின் வேலை வரைபடத்தில் பதினான்காம் குன்று இருந்தது. ஓமெர் அதைக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார். எல்லை காட்டும் இளஞ்சிவப்பு நாடாக் குச்சிகளை நட்டுவிட்டு வந்தோம். மறுநாள் அவை அடிவாரத்துக்கு இறங்கியிருந்தன. காற்று என்றார் ஓமெர். அதற்கடுத்த நாள் சாலையைத் தாண்டியிருந்தன. இப்போது ஓமெரே விழித்தார். வெள்ளிக்கிழமை பார்த்தால், குச்சிகளின்படி நாங்கள் சுண்ணாம்பு போட வேண்டிய நிலம் முழுக்க ஏரிக்குள் இருந்தது.

திங்கட்கிழமை வேலை தொடங்க வேண்டும், முடியாதென்றால் காரணம் எழுதித் தர வேண்டும் என்று அலுவலகம் சொல்லிவிட்டது. நாடு நாடாகச் சுற்றிவிட்டு வந்து அந்தக் குழுவில் சேர்ந்திருந்த என்னிடம் படிவம் இருந்தது. மதியம் மூட்டைகள் மேல் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ஓமெர் தொப்பியைக் கழற்றினார்.

“அந்தக் குன்னுல எனக்குப் பழம் இருக்கு.”

ஐலி கொஸ்கெலா மெல்லுவதை நிறுத்தினாள். குழுவில் அவரைவிடப் பழைய ஆள் அவள் ஒருத்திதான்.

“எந்தப் பக்கம்?”

“பொளந்த பாறைக்கு வடக்கால.”

“யோவ், அது என் இடம்யா.”

குழுவில் இன்னொருவனான வெய்ன் சாண்ட்விச்சைக் கீழே வைத்தான். அவனுக்கும் அதே பாறை, அதே வடக்கு.

விசாரித்ததில், ஐலி விடியற்காலையிலும், ஓமெர் வேலை முடிந்தும், வெய்ன் ஞாயிறுகளிலும் போயிருக்கிறார்கள். நாடாக்களையும் ஆளுக்கொரு முறை நகர்த்தியிருக்கிறார்கள். குறைந்த பழத்துக்கெல்லாம் மூவரும் ஒரு கரடியைத் திட்டிவந்திருக்கிறார்கள். மனித வாடைக்குக் கரடி ஓடிவிடும் என்று ஓமெர் வருடா வருடம் துவைக்காத காலுறை ஒன்றை அங்கே கிளையில் மாட்டிவைப்பார்.

“அந்த நாத்தம் உன்னுதுதானா?” என்றாள் ஐலி. “எவனோ கிறுக்கன் காட்டுல சுத்துறான்னு நான் கோடாலியோடதான் பழம் பறிக்கப் போனேன்.”

படிவத்தில் ‘புளூபெர்ரி ஏற்கெனவே வளர்கிறது’ என்று எழுதினால் குன்று தப்பிக்கும். ஆனால் அந்தக் காரணம் நகராட்சி வரைபடத்தில் ஏறும். ஊரே வாளியோடு வரும். எழுதாவிட்டால் திங்கட்கிழமை சுண்ணாம்பு. ஓமெர் குன்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“கரடின்னு எழுதும்மா.”

கரடியே இல்லையே என்றேன்.

“இருபத்திரண்டு வருஷமா இருக்கு. மூணு பேரு சாட்சி.”

மூவரும் கையெழுத்துப் போட்டார்கள். இரண்டே வாரத்தில் அடிவாரத்தில் மஞ்சள் பலகை வந்தது: கரடி நடமாட்டம், யாரும் நுழையக் கூடாது. அதன்பின் மூவருக்குள் ஒரு ஏற்பாடு. பறிக்கப் போகிறவர் பலகையில் ஒரு காலுறையை மாட்ட வேண்டும்; அதைப் பார்த்தால் மற்றவர் திரும்பிவிட வேண்டும்.

போன ஆகஸ்டில் ஓமெரின் வண்டி பழுது. நான்தான் கூட்டிப்போனேன். ஐலியும் வெய்னும் அன்று வேலையில் இருந்தார்கள். ஆனால் பலகையில் பச்சைக் காலுறை ஒன்று தொங்கியது. ஓமெர் இறங்கி, கிட்டே போய்ப் பார்த்தார். அவருடையதுதான், அதற்கு முந்தின வருடம் அவர் மாட்டித் தொலைந்ததன் வீட்டில் மிஞ்சிய ஜோடி. குதிகாலில் புதிதாகத் தையல் போட்டிருந்தது. துவைத்தும் இருந்தது.

வண்டிக் கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு உட்கார்ந்தார்.

“வண்டியத் திருப்பும்மா. யூகெத் பறிக்கட்டும். நான் பாத்தேன்னு மட்டும் அவகிட்ட சொல்லிடாத.”