பிரெஞ்சில் எல்லோருக்கும் ஊர் கடலூர்

அன்று சிதம்பரம் பஸ்ஸில் ஜன்னலோர சீட் கிடைத்தும் என்னால் நிம்மதியாக உட்கார முடியவில்லை. கடலூர் சிப்காட் தாண்டுவதற்குள் போனை எடுத்துப் பார்த்து, பைக்குள் போட்டு, மறுபடி எடுத்தேன். பல்கலைக்கழகத்தில் நான் நடத்தும் பிரெஞ்சு வகுப்பை முழுக்க ஆன்லைனுக்கு மாற்றிவிடலாமா என்று அன்றுதான் முடிவு செய்யப் போகிறார்கள். பாதிப் பாடத்தை ஏற்கெனவே வீடியோவாக எடுத்துக் கொடுத்துவிட்டேன். மிச்சமிருந்தது பிள்ளைகள் எதிரே உட்கார்ந்து பேசிப் பழகும் நேரம்தான். அதுவும் போய்விட்டால் அப்புறம் நான் எதற்கு?

வகுப்பைப் பார்க்கத் துறைத்தலைவரோடு வெளியாட்கள் இரண்டு பேர் வந்திருந்தார்கள். மூவருக்கும் பிரெஞ்சில் ஒரு வார்த்தை தெரியாது.

"யாராச்சும் பேசிக் காட்டுங்க, பாப்போம்" என்றார் தலைவர்.

பெண்ணாடத்திலிருந்து வரும் மாணவி எழுந்து படபடவென்று கொட்டினாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அப்புறம்தான் காதுகொடுத்துக் கேட்டேன். தன் ஊர் கடலூர் என்றாள். தான் ஆசிரியை என்றாள். தனக்கு ஒரு பையன் இருக்கிறான், அவன் மீனைத் தொடமாட்டான் என்றாள். அடிப்பாவி! கல்யாணமே ஆகாத பெண் அவள். அத்தனையும் முதல் வீடியோவில் நான் என்னைப் பற்றிச் சொன்னது. நான் தொண்டையைச் செருமிய இடத்தில் அவளும் நிறுத்திச் செருமினாள்.

மூவரும் கைதட்டினார்கள்.

"வீடியோவே போதும்போல இருக்கே மேடம்!" என்றார் தலைவர்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "சார், இப்ப பேசுனது அந்தப் பொண்ணு இல்ல. நான்தான்!"

அவர் முழித்தார். நான் அவள் பக்கம் திரும்பி, அப்பா என்ன வேலை பார்க்கிறார் என்று பிரெஞ்சில் நிதானமாகக் கேட்டேன். இன்னொரு தரம் கேட்டேன். அவள் முகம் வெளுத்துவிட்டது.

"அப்பாவுக்கு என்ன வேலைன்னு கேக்குறேம்மா. சக்கரை ஆலைல இருக்காருன்னு நீதான அன்னைக்குச் சொன்ன?"

"மேடம், அது எந்த வீடியோல வருது? நான் எல்லாத்தையும் பாத்துட்டேனே!" என்றாள். அழுதுவிடுவாள் போலிருந்தது.

பாவமாக இருந்தாலும், அப்பாடா, இனி இவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை என்று நினைத்தேன்.

தலைவர் அவளைக் கையமர்த்தினார். "பயப்படாதம்மா, இதுக்குப் போயி அழுவாங்களா?" என்றவர் என் பக்கம் சாய்ந்து, ரொம்பத் தன்மையாகச் சொன்னார்: "ஒண்ணும் பிரச்சன இல்ல மேடம். அதையும் ஒரு வீடியோவா எடுத்துப் போட்டுட்டீங்கன்னா முடிஞ்சிது."