வெண்ணந்தூர்க் கச்சேரி

வெண்ணந்தூர் தாண்டி கார் சூடேறி நின்றுவிடுகிறது. தண்ணீர் கேட்டு ஒரு கோழிப்பண்ணைக்குள் போகிறோம். என்னுடன் வருபவர் அயர்லாந்து நாட்டுப்புறப் பிடில் கலைஞர். எழுபதைத் தாண்டி, மேடையை விட்டு விலகிவிட்டவர். பிடிலை மட்டும் காரில் விட்டு வரமாட்டார்.

கொட்டகையில் ரேடியோ அலறிக்கொண்டிருக்கிறது. சட்டென்று கரண்ட் போகிறது. அத்தனை கோழிகளும் சிறகடித்துக் கத்துகின்றன. பதறிப்போன பெரியவர் பிடிலை எடுத்து, தங்கள் ஊர்க் கல்யாண ஆட்டத்துக்கான மெட்டு ஒன்றை வாசிக்கிறார். கோழிகள் அடங்குகின்றன.

"நிறுத்திப்போடாதீங்க சாமி," என்கிறார் பண்ணைக்கார அம்மா. "சத்தத்துலயே வளந்ததுங்க. நின்னா மெரண்டு, முட்டை கொறஞ்சுபோகும்."

மொழிபெயர்த்துச் சொல்கிறேன். "என் கடைசிக் கச்சேரியில்கூட இன்னொரு பாட்டு என்று யாரும் கேட்கவில்லை," என்கிறார் அவர், வில்லை நிறுத்தாமல்.

ஒருவழியாகக் கரண்ட் வந்து ரேடியோ பாடுகிறது. அவர் வில்லை இறக்கப் போகிறார்.

"பட்டுனு நிறுத்தாதீங்க. இப்ப இதும் பழகிப்போச்சுங்க. வாசிச்சுக்கிட்டே மெல்ல வெளிய போங்க."

கார் ஆறிவிட்டது. நான் ஏறி உட்கார்ந்திருக்கிறேன். மரவள்ளிக் காட்டு வழியே, கொட்டகையைப் பார்த்து வாசித்தபடி, அவர் இன்னும் பின்பக்கமாகவே நடந்து வந்துகொண்டிருக்கிறார்.