காப்புக் கயிறும் பில்டர் மூடியும்

கார் இன்ஜினுக்குள் இருந்து அம்மனே என் கையைப் பிடித்துக்கொண்டாள் என்றுதான் முதலில் நம்பினேன். சிரிப்பவர்கள் சிரித்துவிட்டு வாருங்கள், காத்திருக்கிறேன். ஐம்பத்திரண்டு வயது ஆள், மின்துறையில் இருபது வருஷம் கம்பத்தில் ஏறி இறங்கியவன், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பானட்டுக்குள் தலையை விட்டபடி, "தாயே, சால்னாதான் தொட்டேன், கறி தொடல" என்று இன்ஜினிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

சால்னா கதையைப் பிறகு சொல்கிறேன். முதலில் கயிறு.

தை மாசத்தில் என் மனைவியின் கழுத்தில் ஒரு கட்டி வந்தது. ஊசி போட்டு எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வருவதற்குள் ஆஸ்பத்திரி வராண்டாவில் உட்கார்ந்துகொண்டு, ஊர் அம்மன் கோயிலில் தீ மிதிப்பதாக வேண்டிக்கொண்டேன். அடுப்புப் பக்கம் போனாலே காலைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவன் நான். முடிவு வந்தது, வெறும் கொழுப்புக் கட்டிதான். அம்மன் தன் வேலையை முடித்துவிட்டாள், என் வேலை பாக்கி.

சித்திரையில் பூசாரி என் வலது மணிக்கட்டில் மஞ்சள் கயிற்றைக் கட்டினார். காப்பு கட்டினால் தீ மிதிக்கும் நாள் வரை கவிச்சி கூடாது, செருப்பு கூடாது, ராத்திரி ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. கயிறு அறுந்துவிடவே கூடாது. அறுந்தால் வேண்டுதலும் அறுந்தது. பூசாரி தாராள மனசுக்காரர். கட்டி முடித்ததும் மீதிக் கயிற்றை வெட்டாமல் ஒரு ஜாண் வால் விட்டிருந்தார்.

லீவு போட்டுவிட்டு வீட்டில் கிடந்தேன். நான்காம் நாள் வில்லியனூருக்கு மாத்திரை வாங்கப் போன இடத்தில் பரோட்டா வாசனை ஆளை இழுத்தது. வெறும் பரோட்டாதானே, மைதாவுக்கு என்ன பாவம் தெரியும்? சால்னாவில்கூடக் கறி இல்லை. கறி குளித்துவிட்டுப் போன தண்ணீர், அவ்வளவுதான். இரண்டே முறை தொட்டேன். மூன்று இருக்கலாம்.

அந்தக் குற்ற உணர்ச்சியில் வீட்டுக்கு ஏதாவது நல்லது செய்ய வேண்டும் போலிருந்தது. காரில் ஆயில் மாற்றலாம் என்று முடிவெடுத்தேன். போன் வீடியோவில் ஒருவன் ஒன்பது நிமிஷத்தில் மாற்றிக் காட்டுகிறான். தவளக்குப்பம் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போய் ஆயில் பில்டர் கேட்டேன்.

"ஹவுசிங் நல்லாத்தான கீது? இல்ல அதுவும் வேணுமாண்ணா?" என்றார் கடைக்காரர்.

"வூடு கீதுப்பா. பொங்கலுக்குத்தான் வெள்ளையடிச்சேன்."

அவர் சிரிக்கவில்லை. மடிப்பு மடிப்பாக ஒரு காகித உருளையையும் ஒரு ரப்பர் வளையத்தையும் மேசையில் வைத்தார்.

"இன்னாபா இது, டப்பாவக் காணோம்?"

"டப்பா உன் வண்டிலயே கீதுண்ணா. அதுக்குப் பேருதான் ஹவுசிங். மூடியத் தெறந்து உள்ள கீற பேப்பர மட்டும் மாத்தணும்."

ஞாயிறு காலை புங்க மர நிழலில் காரை நிறுத்தினேன். கீழே பழைய பேசினை வைத்து ஆயிலை வடித்தேன். மேலே, தடித்த ரப்பர் குழாய்க்கும் இன்ஜினுக்கும் நடுவில், ஊறுகாய் பாட்டில் மூடி மாதிரி கறுப்பாக ஒரு பிளாஸ்டிக் மூடி தெரிந்தது. சாக்கெட் போட்டுத் திருகினேன், கழன்றது. கறுத்துப் போன காகிதத்தை எடுத்தேன். மூடியின் பள்ளத்தில் இருந்த பழைய வளையத்தைத் தென்னை ஈர்க்கால் நெம்பி எறிந்து, புது வளையத்தை மாட்டி, புது ஆயிலை அதன் மேல் தடவினேன். புதுக் காகிதம் மூடியில் 'டக்' என்று உட்கார்ந்தது. ஒன்பது நிமிஷக்காரனை விடக் கெட்டிக்காரன் என்று என்னை நானே மெச்சிக்கொண்ட நேரம் அதுதான்.

திரும்ப மாட்டும்போது சாக்கெட் வேண்டாம், முதல் சுற்றெல்லாம் கையால் திருகு, அப்போதுதான் மரை ஏறுமாறாகப் பிடிக்காது என்று அவன் சொல்லியிருந்தான். வளையல்காரரிடம் கை கொடுப்பது போல விரல்களைக் குவித்து அந்த இடுக்கில் கையை விட்டேன். கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. விரல்தான் கண். நாலைந்து சுற்றில் மூடி இறுகியது. கையை எடுத்தேன்.

வரவில்லை.

இழுத்தேன். உள்ளேயிருந்து யாரோ திருப்பி இழுத்தார்கள்.

சால்னா ஞாபகத்துக்கு வந்தது அப்போதுதான். பயத்தில் இன்னும் இழுக்க, மணிக்கட்டு இறுகி விரல் மரத்தது. கயிறு அறுந்துவிடுமோ என்று நிறுத்தினேன். கை போனாலும் இடது கையால் சாப்பிடப் பழகலாம். கயிறு போனால்? மனைவி கழுத்தில் கட்டி திரும்ப வந்தால்?

போன் திண்ணைச் சுவரில் இருந்தது, எட்டவில்லை. மனைவியைக் கூப்பிட்டேன்.

"இந்தா, ஓடியா! கை மாட்டிக்கிச்சி!"

அடுப்படியிலிருந்து குரல் மட்டும் வந்தது. "போன மாசம் பாம்பு. இந்த மாசம் கையா?"

போன மாசம் பானட்டுக்குள் பாம்பு என்று கத்தி அவளைப் பக்கத்துத் தெரு வரை ஓடவிட்டது உண்மைதான். அது பழைய பேன் பெல்ட். வைத்தவனும் நான்தான்.

"சாமி சத்தியமா!"

"சத்தியமும் போன மாசம் பண்ணீங்க."

இதற்குள் புங்க மரம் தன் நிழலை மெல்ல இழுத்துக்கொண்டு போய்விட்டது. செருப்பில்லாத கால் சிமெண்டுத் தரையில் வெந்தது. ஒரு காலைத் தூக்கி மறு காலை வைத்து, அதைத் தூக்கி இதை வைத்து, கரகாட்டம் ஆடினேன். தீமிதிக்கு இப்படி ஒரு ஒத்திகை எந்தக் கோயிலிலும் இருக்காது.

என் ஆட்டத்தை முதலில் பார்த்தவன் பக்கத்து வீட்டு டிராக்டர்காரன். கரும்பு ஏற்றப் புறப்பட்டவன், வேலி மேல் எட்டிப் பார்த்தான்.

"இன்னா மாமா, இப்பவே சாமி வந்துடுச்சா?"

"கை வர்லடா!"

அவன் உள்ளே வந்து போன் வெளிச்சம் அடித்துப் பார்த்தான். சத்தம் கேட்டு மனைவியும் ஈரக் கையோடு வந்தாள். என் முகத்தைப் பார்த்ததும் இது பாம்பு இல்லை என்று தெரிந்துகொண்டாள்.

"கயிறுதான் மாமா புட்ச்சிக்கினு கீது. கட்டிங் பிளேயர் எட்த்தாறேன், ஒரே கடி."

"கயித்துல கை வச்ச, உன் டிராக்டர் டயர்ல நாலுத்துலயும் காத்து இருக்காது!"

"வெட்டிடலாங்க," என்றாள் மனைவி. "பூசாரி வேற கயிறு கட்டித் தருவாரு."

"வேணாம்."

"கை நீலம் பூத்திருக்கு."

"பூக்கட்டும். நான் வில்லியனூர்ல சால்னா தொட்டேன். அம்மன் ஏற்கெனவே கோவத்துல கீறா. இதுல கயிறும் அறுந்தா உனக்குத்தான..."

டிராக்டர்காரன் வானத்தைப் பார்த்தான். அவள் கை தன் கழுத்துக்குப் போனது. ஊசி போட்ட இடத்தை ஒரு தடவை தொட்டுவிட்டு, மக்கில் தண்ணீர் மொண்டு வந்து என் காலில் ஊற்றினாள்.

"எத்தினி பரோட்டா?"

"ரெண்டு."

"எனக்கு ஒண்ணு கட்டிக்கினு வரத் தோணல." பிறகு குனிந்து இடுக்கைப் பார்த்தாள். "உள்ள இன்னா பண்ணீங்க?"

"மூடி போட்டேன்."

"திருகுற மூடியா?"

"ஆமா."

"கயித்து வாலையும் சேத்துத் திருகிட்டீங்க. பருப்பு டப்பா மூடில துணி மாட்டுமே, அது மாரி. அந்தாண்ட திருப்புங்க."

"தெறந்தா ஆயில் மூஞ்சில அடிக்கும்டி!"

டிராக்டர்காரன் காரின் அடியில் இருந்த பேசினைக் காலால் தட்டினான். "ஆயிலு இங்க கீது மாமா."

நடந்தது இவ்வளவுதான். காப்புக் கயிற்றின் வால் மூடிக்கும் ஹவுசிங்குக்கும் நடுவில் மரையில் சிக்கியிருந்தது. மூடியை இடப்பக்கம் நாலு சுற்றுச் சுற்றினேன், கை வெளியே வந்தது. கயிறு அறுபடவில்லை, வால் மட்டும் கறுத்திருந்தது. வாலை மணிக்கட்டில் சுற்றி, மேலே அவளுடைய ரப்பர் பேண்டைப் போட்டு, மூடியை மறுபடி மாட்டினேன். புது ஆயில் ஊற்றி வண்டியை ஓடவிட்டுப் பார்த்தோம். ஒரு சொட்டுகூட ஒழுகவில்லை.